நரம்பு வலிக்கு ஊசியும் மூலிகைச் சூடும்: புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்கு ஒரு விளக்கம்

இலங்கையின் மலையகத்தில் ஊசி என்றால் அதற்குள் மருந்து இருக்க வேண்டும். டிஸ்பென்சரிக்குப் போனவர் வெறும் குளிசையோடு திரும்பி வந்தால், "ஓர் ஊசிகூடப் போடவில்லையா?" என்று லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், குறைப்பட்டுக்கொள்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில், மருந்தே இல்லாத ஊசியைக் கையிலும் காலிலும் குத்தி வலியைக் குறைக்கிறார்கள் என்று சொன்னால் சிரிப்புத்தான் வரும். கூடவே, சுருட்டுப் போன்ற ஒரு மூலிகைத் தண்டைப் பற்றவைத்துத் தோலுக்குக் கிட்டப் பிடிப்பார்கள் என்றும் சொன்னால், இது வைத்தியமா மந்திரமா என்று கேட்பார்கள். கேட்பதில் தவறில்லை.

ஊசி குத்துவதற்கு அக்குபஞ்சர் என்று பெயர். மூலிகையை எரித்துச் சூடு காட்டுவதற்கு மொக்ஸா என்று பெயர். இரண்டும் சீனாவில் தோன்றி, சுமார் 2000 ஆண்டுகளாகச் சேர்ந்தே வளர்ந்தவை. யுனெஸ்கோவும் 2010இல் இரண்டையும் சேர்த்தே மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெறச் செய்தது. பண்பாட்டு மரபு என்று ஏற்றுக்கொண்டதை, நோய் தீரும் என்று ஏற்றுக்கொண்டதாக விளம்பரம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நரம்பு வலியையும் அழற்சியால் வரும் வலியையும் தணிப்பதற்கு இவை பலருக்குக் கைகொடுக்கின்றன. அந்த வலியைக் கொண்டுவந்த நோயை இவை அகற்றுவதில்லை. இந்த வேறுபாடு தெரிந்தவருக்கு இவற்றால் பயன் உண்டு. தெரியாதவர் காசையும் காலத்தையும் சேர்த்து இழப்பார்.

எது நரம்பு வலி?

தேயிலைச் செடியின் கிளை காலைக் கீறினால் வலிக்கிறது. காயம் ஆறினால் வலியும் போய்விடுகிறது. இங்கே நரம்பு தன் கடமையைச் செய்தது, அவ்வளவுதான். நரம்பு வலியில் காயம் வேறெங்கும் இல்லை. செய்தி கொண்டுபோக வேண்டிய நரம்பிலேயே பழுது. முன்பெல்லாம் தோட்டங்களில் விடியற்காலையில் தப்பு அடித்துத்தான் பெரட்டுக்கு ஆட்களைக் கூப்பிடுவார்கள். வேலையே இல்லாத நடுச்சாமத்தில் அந்தத் தப்பு நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? நரம்பு வலிக்காரரின் மூளை இரவெல்லாம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த வலியைச் சொல்ல மக்கள் பயன்படுத்தும் சொற்களே தனி. "எரிகிறது", "கரண்ட் அடித்ததுபோல் இழுக்கிறது", "எறும்பு ஊர்கிறது", "விறைத்துப்போகிறது" என்பார்கள். சாதாரண மூட்டு நோவுக்கு இப்படிச் சொல்வதில்லை. பனடோல் போட்டும் அசையவில்லை என்பதும் ஓர் அடையாளம்.

மலையகத்தில் அடிக்கடி காணக்கூடியது மணிக்கட்டில் நரம்பு அழுந்துவது. மணிக்கட்டின் உள்பக்கத்தில், எலும்புகளுக்கும் ஒரு தடித்த பட்டைக்கும் இடையே ஒடுங்கிய வழி ஒன்று இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பும் அந்த ஒரே வழியாகத்தான் உள்ளங்கைக்குள் போகின்றன. காலையிலிருந்து மாலை வரை இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக்கொண்டே இருக்கும் கையை நினைத்துப் பாருங்கள். 18 கிலோவுக்குக் குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் என்று கணக்குப் போடும் தோட்டத்தில் அந்தக் கைக்கு ஓய்வும் கிடையாது. தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை வீங்குகிறது. வீக்கம் நரம்பை அமுக்குகிறது. பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை விறைக்கின்றன. சுண்டு விரல் மட்டும் தப்பிவிடும், ஏனென்றால் அதற்கு வேறு நரம்பு. இரவில் விறைப்பு அதிகமாகும். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் சற்றுக் குறையும். கொழுந்து எடுக்கும் பெண்கள் பலர் இதைக் குளிரின் குறை என்று நினைத்துச் சித்தாலேப தடவிக்கொண்டு படுத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று இடுப்பிலிருந்து புட்டம், தொடை வழியாகப் பாதம் வரை இறங்கும் வலி. முதுகெலும்பிடையே உள்ள தட்டு பிதுங்கி நரம்பு வேரை அமுக்குவதால் வருவது. உர மூட்டையைத் தூக்குகிறவர்களுக்கும், சரிவில் குனிந்தபடி கவ்வாத்து வெட்டுகிறவர்களுக்கும் இதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சீனி வருத்தம் (நீரிழிவு) பல ஆண்டுகளாக இருப்பவர்களுக்கு இரண்டு பாதங்களிலும் ஒரே அளவில் எரிச்சலும் விறைப்பும் தொடங்கி மெல்ல மேலேறும். அக்கி வந்து ஆறிய பிறகும் விலாவில் எரிச்சல் மாதக் கணக்கில் நிற்பது நான்காவது வகை.

அழற்சி என்பது வேறு விஷயம். உடல் ஒரு பாதிப்பை எதிர்க்கும்போது அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, நோகும். அது நோய் இல்லை, பாதுகாப்பு. ஆனால் ஓய வேண்டிய நேரத்தில் ஓயாவிட்டால் பக்கத்திலுள்ள நரம்பையும் எரிச்சலூட்டும். மணிக்கட்டில் நடப்பதைப்போல, அழற்சியும் நரம்பு வலியும் பெரும்பாலும் கைகோத்துக்கொண்டே வருகின்றன.

ஊசி குத்தும்போது நடப்பது

நாம் பார்த்துப் பழகிய ஊசிக்கு நடுவில் துளை உண்டு. மருந்து போக வேண்டுமே. அதன் பருமன் பொதுவாக 0.6 முதல் 0.8 மில்லிமீற்றர். அக்குபஞ்சர் ஊசி துளையில்லாத, மெல்லிய உருக்குக் கம்பி. பருமன் பெரும்பாலும் 0.25 மில்லிமீற்றர்தான். கையில் எடுத்தால் வளையும். நுனி தோலைக் கிழிப்பதில்லை, விலக்கிக்கொண்டு நுழைகிறது. எடுத்த பிறகு ஒரு துளி இரத்தம்கூட வராமல் இருப்பதே வழக்கம்.

மணிக்கட்டு விறைப்போடு போன ஒரு பெண்ணுக்கு என்ன செய்வார்கள் என்று பார்ப்போம். படுக்கவைத்து, கையை மல்லாத்தி ஒரு துவாய்மேல் வைப்பார்கள். மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு கயிறுகள்போலத் துருத்திக்கொண்டிருக்கும் தசைநாண்களுக்கு நடுவே ஒரு புள்ளி. அதைச் ஸ்பிரிட் பஞ்சால் துடைப்பார்கள். ஊசி ஒரு சிறிய பிளாஸ்டிக் குழாய்க்குள் இருக்கும். குழாயைத் தோலில் நிறுத்தி, ஊசியின் தலையில் விரலால் ஒரு தட்டு. நுளம்பு கடித்த அளவு. பிறகு குழாயை உருவிவிட்டு ஊசியை மெல்லத் திருகுவார்கள். அப்போதுதான் புதியவர் முகம் சுளிப்பார். கூர்மையான வலி இருக்காது. உள்ளே கனப்பதுபோல, இழுப்பதுபோல, மந்தமான ஒரு கடுப்பு விரல் வரை ஓடும். வைத்தியர் எதிர்பார்ப்பது அதைத்தான். "என்ன அம்மா, கனக்கிறதா?" என்று கேட்டு, ஆமென்றதும் விட்டுவிடுவார். கையில் இரண்டு மூன்று, எதிர்ப்பக்கக் காலில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று. இருபது முப்பது நிமிடம் அப்படியே கிடக்க வேண்டும். சிலர் குறட்டை விட்டுத் தூங்கிவிடுவதும் உண்டு. சில இடங்களில் ஊசிகளோடு சிறு கிளிப்புகளை இணைத்து, மிகக் குறைந்த மின்சாரம் செலுத்துவார்கள்; தசை தானாகத் துடிக்கும்.

கை நோவுக்குக் காலில் ஏன் குத்த வேண்டும்? சீன மரபின் பதில்: உடலில் உயிர்ச்சக்தி ஓடும் பாதைகள் இருக்கின்றன, அவை தடைப்பட்டால் வலி. பதினான்கு முக்கியப் பாதைகள், அவற்றின் மீது 361 புள்ளிகள். நமக்கு இதில் அவ்வளவு அந்நியம் இல்லை. சித்தவைத்தியத்தின் வர்மப் புள்ளிகளைப் பற்றி எங்கள் பாட்டனார் காலத்திலிருந்தே கேட்டிருக்கிறோம். ஆனால் உடலை அறுத்துப் பார்த்தவர் எவரும் அந்தப் பாதைகளை ஒரு குழாயாகவோ நாளமாகவோ கண்டதில்லை. பழையவர்கள் தங்கள் அனுபவத்தை நினைவில் வைத்துக்கொள்ள வரைந்த வரைபடமாக அதை எடுத்துக்கொள்கிறேன். வரைபடம் பிழையாக இருந்தாலும் ஊசிக்கு விளைவு இருக்கலாம். அது வேறு கேள்வி, அதற்கு ஆய்வுகூடத்தில் சில பதில்கள் கிடைத்திருக்கின்றன.

வலி ஏன் குறைகிறது?

முழங்கை சுவரில் இடித்துக்கொண்டால் உடனே தேய்க்கிறோம்; தேய்த்தால் குறைகிறது. 1965இல் மெல்சாக், வோல் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்குக் காரணம் சொன்னார்கள். வலிச் செய்தி முள்ளந்தண்டு வடத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு படலைபோன்ற ஏற்பாடு இருக்கிறது. தொடுகை, அழுத்தம் முதலிய வேறு செய்திகள் அதே இடத்துக்கு வந்தால் வலிக்கான வழி குறுகிவிடும். ஊசி தரும் அந்த மந்தமான கனமும் இப்படி ஒரு போட்டிச் செய்தியாக வேலை செய்கிறது.

அடுத்தது, மூளையும் முள்ளந்தண்டு வடமும் தாமே சுரக்கும் வலிநிவாரணிகள். எண்டோர்பின் அவற்றில் ஒன்று. கடும் வலிக்குக் கொடுக்கும் மோர்ஃபின் மருந்து வேலை செய்யும் அதே இடங்களில்தான் அதுவும் ஒட்டிக்கொள்கிறது. 1970களில் இதைச் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. மோர்ஃபினை முறியடிக்க நாலோக்சோன் என்று ஒரு மருந்து இருக்கிறது. அக்குபஞ்சரால் வலி தணிந்தவர்களுக்கு அதைக் கொடுத்தார்கள். தணிந்த வலி பெருமளவு திரும்பிவிட்டது. அப்படியானால் ஊசி குத்தியபோது உடலுக்குள் மோர்ஃபின் போன்ற ஏதோ ஒன்று சுரந்திருக்க வேண்டும். பின்னர் சீன ஆய்வாளர் ஹான் ஜீஷெங், ஊசியில் செலுத்தும் மின்சாரத்தின் வேகத்தை மாற்றினால் சுரக்கும் பொருளும் மாறுகிறது என்று காட்டினார்.

குத்திய இடத்திலேயே நடப்பதும் உண்டு. 2010இல் எலிகளின் முழங்காலுக்குக் கீழே ஊசி குத்தித் திருகியபோது, அங்கே அடினோசின் என்ற பொருள் பல மடங்கு கூடியது. அது பக்கத்திலுள்ள வலி நரம்புகளை மந்தப்படுத்துகிறது. ஊசியைத் திருகாமல் சும்மா குத்தி வைத்தபோது அந்தப் பயன் கிடைக்கவில்லை.

அழற்சிக்கு வருவோம். 2021இல் வெளியான ஓர் ஆய்வில், எலியின் பின்னங்காலில் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் மெல்லிய மின்சாரத்துடன் ஊசி குத்தினார்கள். மனிதரில் அந்தப் புள்ளி முழங்காற் சில்லுக்கு நான்கு விரல் கீழே, முன்னெலும்பிலிருந்து ஒரு விரல் வெளிப்பக்கமாக இருக்கிறது. சீனப் பெயர் சூசான்லி. அக்குபஞ்சர் படித்தவர் எவரும் முதலில் கற்பது. அங்கே ஆழத்தில் உள்ள ஒருவகை நரம்பு முனைகள் தூண்டப்பட்டு, செய்தி மூளைத்தண்டுக்குப் போய், அங்கிருந்து வேகஸ் நரம்பு வழியாகச் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிக்கு இறங்கி, அழற்சியைத் தணிக்கும் பொருள்களைச் சுரக்கவைத்தது. வயிற்றில் குத்தியபோது அது நடக்கவில்லை. அந்த நரம்பு முனைகள் அங்கே இல்லை. எங்கே குத்துகிறோம் என்பதில் ஏதோ பொருள் இருக்கிறது என்று காட்டிய ஆய்வு இது. இருந்தாலும் எலி எலிதான். தோட்டத்து மனிதரின் வீங்கிய முழங்காலுக்கு இதை அப்படியே தூக்கிக்கொண்டு வரக் கூடாது.

மூலிகைச் சூடு

மொக்ஸாவுக்குப் பயன்படுவது மாசிப்பத்திரி இனத்துச் செடி. இலையின் அடிப்பக்கம் வெள்ளையாக, பஞ்சுபோல் இருக்கும். கசக்கினால் மூக்கில் ஏறும் ஒரு கார வாசனை. காயவைத்து இடித்துச் சலித்தால் தூளெல்லாம் உதிர்ந்து பஞ்சு மட்டும் மிஞ்சும். அந்தப் பஞ்சைச் சிறு கூம்பாக உருட்டலாம், காகிதத்தில் சுற்றித் தண்டாக்கலாம், குத்தியிருக்கும் ஊசியின் தலையில் உருண்டையாகச் செருகிக் கொளுத்தலாம். கொளுத்தினால் சுவாலை வராது. சாம்பல் மூடிய கனல் மெல்ல உள்ளே நகரும், ஊதுபத்தியைவிடக் கனத்த புகையோடு.

தண்டைத் தோலிலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தள்ளிப் பிடிப்பார்கள். முதலில் இதமான வெதுவெதுப்பு. சற்று நேரத்தில் அது தோலைத் தாண்டி உள்ளே இறங்குவதுபோல் தெரியும். தோல் இலேசாகச் சிவக்கும். "சுடுகிறது" என்று சொன்ன கணமே தண்டை விலக்க வேண்டும். நல்ல வைத்தியர் தன் மற்றக் கையின் இரண்டு விரல்களை அந்தப் புள்ளியின் இரு பக்கமும் வைத்திருப்பார். நோயாளிக்குத் தெரியுமுன் சூடு தன் விரலுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. ஓர் இடத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும்.

சூடு பட்ட இடத்தில் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, தசை இறுக்கம் தளர்கிறது. சுமார் 43 பாகை செல்சியசுக்கு மேல் சூட்டை உணரும் நரம்பு முனைகள் தூண்டப்படுகின்றன. மிளகாயின் காரத்தை உணர்வதும் அதே முனைகள்தான். மூலிகைக்கென்று தனிக் குணம் எவ்வளவு, சூட்டின் குணம் எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால், பெரும்பங்கு சூட்டுக்குத்தான் என்பது என் எண்ணம். தை, மாசி மாதங்களில் நுவரெலியாவில் புல்லின் மீது பனி உறையும் காலை நேரத்தில், ஆமணக்கிலையை வாட்டி ஒத்தடம் கொடுத்தவர்களுக்குச் சூடு என்ன செய்யும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சித்தவைத்தியத்தின் புற மருத்துவம் 32 வகையில் ஒற்றடமும் உண்டு, சுட்டிகை என்ற சூடு போடும் முறையும் உண்டு. பழைய சீன முறையிலும் கொப்புளம் வரும்வரை தோலின்மேல் நேராக எரித்தார்கள். அதை யாராவது இன்று செய்ய வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சூட்டைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சீனி வருத்தத்தால் பாதம் விறைத்தவருக்குச் சூடு தெரியாது. "சுடுகிறது" என்று சொல்லவே அவரால் முடியாது. கொப்புளம் வந்ததைக்கூட மறுநாள் சப்பாத்து ஈரமாவதை வைத்துத்தான் அறிவார். அந்தப் புண் ஆறாமல் விரலை எடுக்கும் நிலைக்குப் போகலாம். விறைத்த பாதத்துக்கு மொக்ஸா கூடாது. வாட்டிய இலையும் சுடுநீர்ப் போத்தலும்கூடக் கூடாது. பாதம் எரிகிறது என்று வருபவருக்கு முதலில் பஞ்சால் தொட்டுப் பார்க்காமல் தண்டைக் கொளுத்துகிறவர் எவ்வளவு பேர்பெற்றவராக இருந்தாலும் அவரிடம் போகாதீர்கள். இளைப்பு உள்ளவர்களுக்கு அந்தப் புகையும் ஆகாது. ஒற்றை ஜன்னல் உள்ள லயக் காம்பராவில் கதவைச் சாத்திக்கொண்டு செய்யும் வேலையும் இல்லை அது.

ஆய்வுகள் சொல்வது

1971இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங்கில் இருந்தபோது அவருக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்தது. அக்குபஞ்சரால் மட்டுமே வலி தெரியாமல் அறுத்தார்கள் என்று இன்றுவரை கதை சொல்கிறார்கள். அறுத்தது வழக்கமான மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான். மறுநாள் இரவு வயிறு ஊதி அவஸ்தைப்பட்டபோதே முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழேயும் ஊசி குத்தி, வயிற்றுக்கு மேலே மூலிகையைக் கொளுத்திப் பிடித்தார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் தணிந்தது என்று அவரே எழுதினார். மேற்கு நாடுகளில் அக்குபஞ்சர் மோகம் பிறந்தது அப்போதுதான். இலங்கையிலும் களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்கு வைத்தியசாலையில், வாதநோய் நிபுணர் டொக்டர் அன்ரன் ஜயசூரிய நடத்திய அக்குபஞ்சர் கிளினிக் பேர்பெற்றது. கற்றுக்கொள்ள வெளிநாடுகளிலிருந்தும் வந்தார்கள்.

கதைகளைவிட எண்கள் முக்கியம். 2007இல் ஜெர்மனியில் நாட்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1162 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். முறையான அக்குபஞ்சர் பெற்றவர்களில் 47.6 வீதத்தினருக்கு நல்ல முன்னேற்றம். வழக்கமான மருந்தும் பயிற்சியும் பெற்றவர்களில் 27.4 வீதம். இதோடு நிறுத்திவிட்டால் அக்குபஞ்சருக்குப் பெரிய வெற்றி. மூன்றாவது பிரிவினருக்குப் புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தினார்கள், அதாவது போலி ஊசி. அவர்களிலும் 44.2 வீதத்தினருக்கு முன்னேற்றம்! ஊசி உதவியது, புள்ளி அவ்வளவாக உதவவில்லை என்று இதைப் படிக்கலாம். படுக்கவைத்து அரை மணித்தியாலம் கவனித்ததே உதவியது என்றும் படிக்கலாம். பத்து நிமிடம்கூட வைத்தியரோடு பேசக் கிடைக்காத தோட்டத்து மக்களுக்கு அந்தக் கவனிப்பு சிறிய விஷயம் இல்லை என்பேன்.

20,827 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்து 2018இல் வெளியான ஆய்வு, போலி ஊசியைவிட உண்மையான ஊசி சற்றே மேல் என்றும், கிடைத்த பயனில் பெரும்பகுதி ஓராண்டு வரை நிற்கிறது என்றும் கண்டது. ஆனால் அது இடுப்பு, கழுத்து, முழங்கால், தோள், தலைவலி பற்றியது. நரம்பு வலிக்கென்று மட்டும் பார்த்த மீளாய்வு ஒன்றை, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்டது. ஆறு சிறிய ஆய்வுகள், 462 பேர். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லப் போதிய சான்று இல்லை என்பதே முடிவு. பிரித்தானிய வழிகாட்டுதல் அமைப்பான நைஸ், நாட்பட்ட வலி சிலவற்றுக்கு அக்குபஞ்சரைப் பரிசீலிக்கலாம் என்று 2021இல் சொன்னது. இடுப்பு வலிக்கும் காலுக்கு இறங்கும் வலிக்கும் வேண்டாம் என்று 2016இலேயே சொல்லிவிட்டது. மொக்ஸாவின் நிலை இன்னும் மெலிவு. போலி ஊசி குத்தி ஏமாற்றலாம், போலிச் சூடு காட்டி யாரை ஏமாற்றுவது?

மணிக்கட்டுக்கு மட்டும் சற்று நம்பிக்கை தரும் ஆய்வு ஒன்று 2017இல் வந்தது. போலி ஊசியாலும் அறிகுறிகள் குறைந்தன. ஆனால் நடு நரம்பு செய்தி கடத்தும் வேகம் உண்மையான ஊசி பெற்றவர்களுக்கே மேம்பட்டது, மூன்று மாதம் கழித்தும் அவர்களுக்குப் பயன் நின்றது. எண்பது பேரளவிலான சிறிய ஆய்வுதான். ஆரம்ப நிலையில் உள்ள கைக்கு முயன்று பார்க்கலாம் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். அக்கிக்குப் பிந்திய எரிச்சலுக்கும், மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் முயலலாம். சீனி வருத்தப் பாதத்துக்கு ஊசி முயல்வதென்றால், சீனி கட்டுப்பாட்டில் இருந்து, பாதத்தில் புண் இல்லாதபோது மட்டும். மெட்ஃபோமினையோ இன்சுலினையோ நிறுத்தச் சொல்கிறவர் வைத்தியர் இல்லை.

போகுமுன்

தோட்டத்தில் வேலை செய்பவருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு பேர் போகிறது, பஸ் காசும் போகிறது. தேடிப் போவதென்றால் பெரும்பாலும் கண்டி போன்ற நகரம்தான். ஆகவே முதல் நாளே, "எத்தனை தடவை வர வேண்டும், எத்தனையாவது தடவையில் வித்தியாசம் தெரிய வேண்டும்?" என்று கேட்டுவிடுங்கள். வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டாக ஆறு தடவைக்குள் தூக்கமாவது சீராகாவிட்டால் தொடர்வதில் அர்த்தமில்லை என்பது என் கணக்கு. மொத்தமாக முற்பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள்.

குத்துபவர் மருத்துவ சபையிலோ ஆயுர்வேத மருத்துவ சபையிலோ பதிவு பெற்ற வைத்தியரா என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஊசிப் பக்கெட்டை உங்கள் முன்னால் பிரிக்க வேண்டும். ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்தவே கூடாது, கழுவினாலும் சரி. இரத்தம் உறையாமலிருக்க வாஃபரின் எடுப்பவர், கர்ப்பிணி, இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் ஆகியோர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துச் சுமை இழுப்பதால் தோள்மேட்டில் இறுக்கம் என்று போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அந்த இடத்துக்குச் சற்றுக் கீழேதான் நுரையீரலின் உச்சி இருக்கிறது. ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் துளை விழலாம். அரிது, ஆனால் நடந்திருக்கிறது. குத்திய பிறகு மூச்சு வாங்கினால், நெஞ்சு குத்தினால், வீட்டுக்குப் போய்ப் படுக்காமல் நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

சில நிலைமைகளில் ஊசி வைத்தியரைத் தேடவே கூடாது. இடுப்பு வலியோடு சிறுநீர் போவது தெரியாமல் போனாலும், தொடையிடுக்கு விறைத்தாலும் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவு. பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலும் அப்படியே. முகமோ கையோ ஒரு பக்கம் திடீரென்று தொய்ந்தால் நிமிடக் கணக்கில் ஓட வேண்டும். தோலில் வெளிறிய தேமல் ஒன்று இருந்து அதில் தொடு உணர்வும் இல்லை என்றால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். இலங்கையில் அதற்குச் சிகிச்சை இலவசம், முழுமையாகக் குணமாகும். வெட்கப்பட்டு ஒளித்துவைத்தால்தான் விரல் மடங்கிப்போகும்.

மணிக்கட்டு விறைப்புக்கு ஊசி வைத்தியரைப் பார்க்கப் போவதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையை இரவில் கட்டிக்கொண்டு படுப்பது. பார்மசியில் கிடைக்கும்; விலையும் ஊசிச் சிகிச்சையைவிடக் குறைவு. பலருக்கு இரவு விறைப்பு இதிலேயே தணிந்துவிடும். மற்றக் கையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பெருவிரலின் அடிச்சதை ஒட்டிப்போயிருந்தாலோ, தேநீர்க் கோப்பை கைநழுவத் தொடங்கினாலோ நரம்பு நீண்ட காலம் அழுந்திவிட்டது என்று அர்த்தம். கையை மட்டும் மரக்கவைத்து அந்தத் தடித்த பட்டையை வெட்டிவிடும் சிறிய அறுவைச் சிகிச்சை அதற்கு இருக்கிறது. அந்த நிலையில் ஊசியையும் சூட்டையும் விட்டுவிட்டு, அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் அதற்கான திகதியைக் கேட்டு வாங்குங்கள்.